பகலை வெளிச்சமாக்குவோம், இரவை இருட்டாக்குவோம்

தாய்மார் கூட்டத்துக்கான பாடம்: பிறந்த பிள்ளையின் தூக்கம்



கிளினிக் நாளிலும் லயங்களுக்குப் போகும் போதும் நாங்கள் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "பகல் பூரா நல்லாத் தூங்குது. ராவைக்கு முழிச்சா விடிய விடியக் கண்ணு மூடுறதில்ல. என்ன செய்யிறதுன்னே தெரியல." இந்தப் பாடம் அதைப் பற்றியது. தூக்கம்தானே, இதில் படிக்க என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பிள்ளை தூங்காவிட்டால் தாய் தூங்குவதில்லை. தூங்காத தாய் சரிவான மலையில் கூடையோடு நிற்க வேண்டியவள். தூங்க வைப்பதற்காகச் சிலர் கொடுக்கும் மருந்தோ பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாக முடியும். ஆகவே பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு காம்பராவில் நாங்கள் கண்டது

றொசல்லப் பக்கத்தில் ஒரு லயம். தென்மேற்குப் பருவமழை பிடித்திருந்த நேரம். நாங்கள் மருத்துவமாது மிஸ்ஸோடு பிறந்து 3 வாரமான ஒரு பிள்ளையைப் பார்க்கப் போனோம். காலை 11 மணி. கதவு சாத்தியிருந்தது. குளிர் வரக்கூடாது, கண்ணூறு படக்கூடாது என்று ஜன்னலில் சாக்கு அடைத்திருந்தார்கள். உள்ளே போனதும் சற்று நேரம் கண்ணே தெரியவில்லை. அவ்வளவு இருட்டு. அடுப்புப் புகை வேறு. ஏணையில் பிள்ளை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

தாய்க்கு 22 வயது இருக்கும். முதல் பிள்ளை. கண் இரண்டும் சிவந்திருந்தது. "10 மணிக்கு முழிப்பான் ஐயா. பிறகு 3 மணி, 4 மணி வரைக்கும் தூக்கிக்கிட்டே நடக்கணும். கீழ வச்சா கத்துறான். பக்கத்துக் காம்பராக்காரங்க சுவத்தைத் தட்டுறாங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். மாமியார், "கண்ணூறுதான். சுத்திப் போட்டும் போகல" என்றார். இரவில் வெளிச்சம் எப்படி என்று கேட்டோம். "பச்சப் பிள்ள இருக்கிற வீடு, லைட்டை அமத்த மாட்டோம். விடிய வரைக்கும் எரியும்" என்றார்கள். அதே காம்பராவில் 10 மணி வரை டீவியும் ஓடுகிறது.

அடுப்புக்கு மேல் தட்டில் ஒரு பாணி மருந்துப் போத்தல் இருந்தது. வீட்டில் பெரிய பிள்ளையின் சளிக்குக் கொடுத்த மருந்தின் மிச்சம். "இதுல அரைக் கரண்டி கொடுத்தா நல்லாத் தூங்கும்னு ஒருத்தங்க சொன்னாங்க. இன்னும் கொடுக்கல" என்றாள் அந்தப் பிள்ளை. நல்லவேளை கொடுக்கவில்லை.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாரும் பிள்ளையின் நன்மைக்காகவே செய்தார்கள். ஆனால் அந்தக் காம்பராவில் பகல் இருட்டாக இருந்தது, இரவு வெளிச்சமாக இருந்தது. அங்கே பிறந்த பிள்ளை எதைப் பார்த்துப் பகலையும் இரவையும் படிக்கும்?

பிள்ளைக்கு ஏன் ராப்பகல் தெரியவில்லை?

பிள்ளை பெற்ற தாய்மார் எல்லாருக்கும் ஒன்று ஞாபகம் இருக்கும். மாசமாக இருக்கும் போது மலையில் நடந்து கொழுந்தெடுக்கும் நேரம் வயிற்றுப் பிள்ளை சும்மா இருக்கும். இரவு வந்து பாயில் சரிந்தால் உதைக்கத் தொடங்கும். பிறந்த பிறகும் அதே பழக்கம் கொஞ்ச நாளைக்குத் தொடர்கிறது.

மனிதருடைய மூளைக்குள், கண்களிலிருந்து வரும் நரம்புக்குப் பக்கத்தில், ஒரு சின்ன இடம் இருக்கிறது. அதுதான் உடம்பின் கடிகாரம். கண்ணில் வெளிச்சம் பட்டால் "பகல்" என்று அது உடம்புக்குச் சொல்லும். இருட்டினால் மெலட்டோனின் என்ற பொருளை ஊற வைத்துத் தூக்கத்தைக் கொண்டு வரும். மரம், செடி, பூச்சி எல்லாவற்றுக்கும் இந்த மாதிரிக் கடிகாரம் உண்டு. பழ ஈக்களை வைத்து இதன் வேலையைக் கண்டுபிடித்த 3 அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

வயிற்றில் இருக்கும் வரை பிள்ளைக்குத் தாயின் மெலட்டோனின்தான் கிடைக்கிறது. தொப்புள்கொடி வெட்டியதும் அது நின்று போகும். பிள்ளை தானாக அதை நேரத்துக்கு ஊற வைக்க ஏறக்குறைய 2 முதல் 3 மாதம் எடுக்கும். ஆக, பிறந்த பிள்ளையிடம் கடிகாரம் இருக்கிறது, ஆனால் அதற்கு இன்னும் நேரம் வைக்கவில்லை. நேரம் வைக்கிற வேலை நம்முடையது.

இன்னொரு காரணம் வயிறு. பிறந்த அன்று பிள்ளையின் வயிறு ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி அளவு பால்தான் பிடிக்கும். தாய்ப்பால் சீக்கிரம் சீரணமாகும். அதனால் 2, 3 மணி நேரத்துக்கு ஒரு தரம் பசிக்கும். இரவில் பாலுக்கு எழும்புவது நோயல்ல, கெட்ட பழக்கமும் அல்ல. எழும்பிப் பால் குடித்துவிட்டுத் திரும்பத் தூங்க வேண்டும். நாம் படிப்பிக்க வேண்டியது அந்த இரண்டாவது பாதியைத்தான்.

எந்த வயதில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

முதல் 2 வாரம்: ஒரு நாளைக்கு ஏறக்குறைய 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். சில பிள்ளைகள் கூடக் குறையத் தூங்கும். எல்லாம் துண்டு துண்டான தூக்கம். பால் 8 முதல் 12 தடவை.

2 முதல் 6 வாரம்: பின்னேரத்தில் அழுகை கூடும். 6ஆவது வாரம் அளவில்தான் அழுகை உச்சம். பிறகு குறைந்துகொண்டே வரும். "நாளுக்கு நாள் மோசமாகுதே" என்று இந்த நேரத்தில் பயப்பட வேண்டாம்.

6 முதல் 12 வாரம்: இரவில் ஒரு தூக்கமாவது 4, 5 மணி நேரம் நீளத் தொடங்கும்.

3, 4 மாதம்: பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரவு இரவாகவும் பகல் பகலாகவும் பிடிபட்டு விடும். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு தடவை பாலுக்கு எழும்புவது சாதாரணம்.

பகலில் செய்ய வேண்டியவை

விடிந்ததும் கதவைத் திறவுங்கள். ஜன்னலில் சாக்கு, மட்டை இருந்தால் எடுத்து விடுங்கள். பழைய லயங்களில் பலவற்றுக்கு ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல்தான். முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டிய லயத்தில் பின்பக்க வெளிச்சமே இல்லை. அப்படியானால் பிள்ளையை இஸ்தோப்புக்குக் கொண்டு வாருங்கள். மழை மூட்டமான நாளிலும் இஸ்தோப்பில் உள்ள வெளிச்சம் காம்பராவுக்குள் உள்ளதை விடப் பல மடங்கு அதிகம். தலைக்குத் தொப்பி, உடம்புக்குத் துணி போட்டு, காற்று நேரே அடிக்காத மூலையில் மடியில் வைத்துக்கொண்டால் போதும். சுள்ளென்ற வெயிலில் வைக்க வேண்டாம்.

2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 6 முதல் 12 வாரப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். இரவில் நன்றாகத் தூங்கிய பிள்ளைகள், மத்தியானத்தை ஒட்டிய நேரத்தில் கூடுதலான வெளிச்சம் பட்ட பிள்ளைகளாக இருந்தார்கள். வெளிச்சத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம் கிடைக்கிறது.

தீட்டுக் கழியும் வரை தாயையும் பிள்ளையையும் வெளியே விடாத வழக்கம் நம்மிடம் உண்டு. ஓய்வும் ஆள் நெருக்கம் இல்லாததும் தாய்க்கு நல்லதுதான். அதை மாற்றச் சொல்லவில்லை. உள்ளே இருந்தாலும் கதவைத் திறந்து வெளிச்சம் வர விடுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

பகலில் பிள்ளை தூங்கும் போது வீட்டைச் சத்தமில்லாமல் வைக்க வேண்டாம். பாத்திரம் கழுவுகிற சத்தம், பேச்சு, கோழி, பெரிய பிள்ளைகளின் விளையாட்டு எல்லாம் இருக்கட்டும். முழித்திருக்கும் நேரம் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், சிரியுங்கள். 3 மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் துணியைத் தளர்த்தி, உள்ளங்காலைத் தடவி எழுப்பிப் பால் கொடுங்கள். பகலில் வயிறு நிறையக் குடித்த பிள்ளைக்கு இரவில் அவ்வளவு பசி இருக்காது.

இரவில் செய்ய வேண்டியவை

பின்னேரம் 6, 6.30க்கு நமக்கு இருட்டி விடும். அதோடு பிள்ளைக்கும் ஒரு ஒழுங்கைத் தொடங்குங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, காய்ந்த உடுப்புப் போட்டு, பால் கொடுத்து, தாலாட்டுப் பாடிப் படுக்க வையுங்கள். தினமும் அதே நேரம், அதே வரிசை. பிள்ளைக்குப் பாட்டின் பொருள் தெரியாது. ஆனால் "இது வந்தால் அடுத்தது தூக்கம்" என்று சில வாரத்தில் பழகும்.

விடிய விடிய பெரிய பல்ப் எரிய வேண்டாம். இருட்டு பயமாக இருந்தால் மங்கலான சின்ன நைட் பல்ப் ஒன்றை பிள்ளையின் கண்ணுக்கு நேரே படாத பக்கத்தில் போடலாம். கரண்ட் இல்லாத நேரம் குப்பி லாம்பைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு லயம் முழுக்கப் பரவும்.

பிள்ளை எழும்பினால் தாமதிக்காமல் பால் கொடுங்கள். ஆனால் பேச வேண்டாம், விளையாட்டுக் காட்ட வேண்டாம். மலம் போயிருந்தால் அல்லது நன்றாக நனைந்திருந்தால் மட்டும் துணி மாற்றுங்கள். தோளில் போட்டு ஏப்பம் விட வைத்துத் திரும்பப் படுக்க வையுங்கள். பால் கொடுத்துக்கொண்டே போன் பார்க்கும் பழக்கம் இப்போது எல்லா லயத்திலும் வந்து விட்டது. அந்த வெளிச்சம் உங்கள் தூக்கத்தையும் கெடுக்கும், பிள்ளையையும் முழிக்க வைக்கும். டீவியை 8 மணிக்கு அமத்த முடியாவிட்டாலும் சத்தத்தைக் குறைத்து, பிள்ளைக்கு முன்னால் ஒரு சீலையைத் திரையாகக் கட்டுங்கள்.

இரவுப் பாலை நிறுத்த வேண்டாம். இரவில் ஊறும் தாய்ப்பாலில் தாயின் மெலட்டோனின் இருக்கிறது. பகல் பாலில் அது இல்லை என்றே சொல்லலாம். தன்னிடம் இன்னும் ஊறாததைப் பிள்ளை தாயின் பாலிலிருந்து பெறுகிறது. எந்தப் பால்மாவிலும் இந்த இராப் பகல் வித்தியாசம் கிடையாது.

தூங்க வைக்க மருந்து வேண்டாம்

இதை நாங்கள் கெஞ்சிக் கேட்கிறோம். சளி, இருமலுக்குக் கொடுக்கும் தூக்கம் வருகிற பாணி மருந்தைப் பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். அது தரும் தூக்கம் சாதாரணத் தூக்கம் அல்ல. மூச்சே குறைந்து நின்று போகலாம். சாராயத்தை விரலில் தொட்டு நாக்கில் வைப்பதும் அப்படியே. ஒரு துளி நமக்கு ஒன்றுமில்லை, 3 கிலோப் பிள்ளைக்கு அது நஞ்சு. சுட்ட வசம்பு உரைத்துக் கொடுப்பது, சீனித் தண்ணீர், தேன், கொத்தமல்லித் தண்ணீர் எதுவும் வேண்டாம். 6 மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும். டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்து மட்டும்தான் விதிவிலக்கு.

கண்ணூறு சுற்றிப் போடுவது, திருநீறு பூசுவது உங்கள் மன ஆறுதலுக்குச் செய்யுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல் மருத்துவமாதுவிடமும் சொல்லுங்கள்.

படுக்க வைக்கும் முறை

பிள்ளையை எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். குப்புறவோ ஒருக்களித்தோ வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் பிரித்தானியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் இப்படிச் செய்யும்படி தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதன் பிறகு தூக்கத்தில் திடீரென்று இறக்கும் பிள்ளைகளின் தொகை அங்கே பாதிக்கும் கீழே இறங்கியது. ஒரு செலவும் இல்லாத வைத்தியம் இது.

தாய்க்குப் பக்கத்தில், ஆனால் தனிப் பாயில் அல்லது தனி விரிப்பில் படுக்க வைப்பது நல்லது. தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் வேண்டாம். குடித்துவிட்டு வந்தவர், சுருட்டு பீடி குடிப்பவர் பிள்ளையோடு ஒரே படுக்கையில் படுக்கவே கூடாது. தலையணை வேண்டாம். கம்பளியைப் பிள்ளையின் முகத்துக்கு மேலே ஏற விட வேண்டாம். நெஞ்சு வரை மட்டும் போர்த்தி இரண்டு பக்கமும் செருகி விடுங்கள்.

ஏணை பகலில் ஆள் பார்த்துக்கொண்டிருக்கும் போது மட்டும். இரவில் ஏணையில் விட்டால் பிள்ளையின் நாடி நெஞ்சில் முட்டி மூச்சு அடைக்கலாம். சமமான இடமே நல்லது.

குளிருக்குக் கரிச்சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அதிலிருந்து வரும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். பெரியவர்கள் போடுவதை விட ஒரு துணி கூடப் போட்டால் பிள்ளைக்குப் போதும். கை கால் குளிர்ந்திருப்பதைப் பார்க்காமல் நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள். நெஞ்சு சூடாக இருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். நிறை குறைந்த பிள்ளையைத் தாயின் அல்லது தகப்பனின் வெறும் நெஞ்சோடு அணைத்து மேலே போர்த்தலாம். 1970களின் கடைசியில் தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் தொடங்கிய முறை இது. கங்காரு முறை என்று கிளினிக்கில் சொல்வார்கள். முழித்திருக்கும் போதுதான் இதைச் செய்ய வேண்டும்.

வேலைக்குத் திரும்பும் போது

மேலே சொன்ன தாயின் கதைக்கு வருவோம். சாக்கை எடுத்தார்கள், பல்பை மாற்றினார்கள், 11 மணிக்கும் 2 மணிக்கும் இஸ்தோப்பில் உட்கார்ந்தார்கள். ஒரே நாளில் ஒன்றும் மாறவில்லை. முதல் வாரம், "ஒரு பிரயோசனமும் இல்ல ஐயா" என்றாள். 3ஆவது வாரம் பிள்ளை 10 மணிக்குத் தூங்கி 1.30க்குப் பாலுக்கு எழும்பி, குடித்துவிட்டுத் திரும்பத் தூங்கியது. 2 மாதத்தில் வீடு அமைதியாகி விட்டது.

பிறகு அவள் மலைக்குப் போனாள். இரண்டே வாரத்தில் பழைய கதை திரும்பி விட்டது. ஏன்?

சட்டப்படி தாய்க்கு 12 வாரம் லீவு. பேற்றுக்கு முன் 2 வாரம், பின் 10 வாரம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் முன்பு 3ஆவது பிள்ளையிலிருந்து 6 வாரம்தான் இருந்தது. 2018இல் திருத்தி, எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம் என்று ஆக்கினார்கள். ஆனால் 10 வாரம் என்பது பிள்ளையின் கடிகாரம் சரியாகப் பிடிபடுகிற அதே நேரம். அந்த நேரத்தில்தான் தாய் பக்கத்தில் இல்லாமல் போகிறாள். தாயின் மணமும் பாலும் இல்லாத பகலைப் பிள்ளை தூங்கியே கழிக்கும். தாய் வந்ததும் முழித்துக்கொண்டு, பகலில் குடிக்காத பாலை எல்லாம் இரவில் சேர்த்துக் குடிக்கும். பிள்ளைக்கு இதில் நட்டம் இல்லை. தாய்தான் உருகிப் போகிறாள்.

இந்தத் தாயும் அப்படித்தான். ஒரு நாள் ஈரமான மலையில் கண் சொருகிக் கால் வழுக்கி விழுந்தாள். முழங்கை பிசகியதோடு போயிற்று. பள்ளத்துப் பக்கம் விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

அதன் பிறகு பிள்ளைக் காம்பரா பொறுப்பாளரோடு உட்கார்ந்து பேசி ஓர் ஒழுங்கு செய்தோம். எல்லாத் தாய்மாரும் இதைச் செய்யலாம்.

1. பிரட்டுக்குப் போகும் முன் பிள்ளைக் காம்பராவில் வைத்தே ஒரு தரம் வயிறு நிறையப் பால் கொடுங்கள்.

2. பால் கொடுக்கும் நேரம் உங்கள் உரிமை. பிள்ளைக்கு 1 வயதாகும் வரை, 9 மணி நேர வேலைக்குள் 2 தடவை பால் கொடுக்க நேரம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பிள்ளைக் காம்பரா உள்ள இடத்தில் ஒவ்வொரு தடவையும் குறைந்தது அரை மணி, இல்லாத இடத்தில் 1 மணி. இது சாப்பாட்டு நேரத்துக்கு மேலதிகம். "கொழுந்து நிறை குறைஞ்சிடும்" என்று நினைத்து இதை விட்டுக் கொடுக்காதீர்கள். கங்காணிமாரும் இதைப் புரிந்துகொண்டு, பால் கொடுக்கும் தாய்மாருக்கு முடிந்த வரை பிள்ளைக் காம்பராவுக்குக் கிட்டிய மலையில் வேலை கொடுத்தால் பெரிய உதவி.

3. வர முடியாத தூரத்தில் வேலை என்றால், கையைக் கழுவி, கொதிக்க வைத்த கோப்பையில் பாலைப் பீய்ச்சி மூடி வையுங்கள். குளிர்ந்த இடத்தில் 4 மணி நேரம் கெடாது. போத்தல் வேண்டாம். சின்னக் கோப்பையால் அல்லது கரண்டியால் கொடுக்கச் சொல்லுங்கள்.

4. பகல் முழுக்க ஏணையில் இருட்டு மூலையில் விட வேண்டாம், 2, 3 மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுப்பிப் பால் கொடுத்து, வாசலில் வெளிச்சத்தில் வைத்திருங்கள் என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். "தொந்தரவு கொடுக்காம நல்லாத் தூங்கிச்சு" என்று சொன்னால் சந்தோஷப்படாமல், எத்தனை மணி நேரம் தூங்கியது, எத்தனை தடவை குடித்தது என்று விசாரியுங்கள்.

5. பின்னேரம் கொழுந்து நிறுத்து விட்டு நேரே வந்து பால் கொடுங்கள். அப்போதும், படுக்க முன்னும், நன்றாகக் குடித்தால் நடுச்சாமத் தேவை குறையும்.

இந்த ஒழுங்குக்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் அந்தப் பிள்ளை இரவில் 2 தடவை மட்டும் எழும்பும் நிலைக்கு வந்தது.

தாயின் தூக்கமும் முக்கியம்

முதல் மாதங்களில் பிள்ளை தூங்கும் போது தாயும் படுக்க வேண்டும். அந்த நேரத்தில் துணி துவைக்கப் பீலிக்குப் போனால் தூக்கத்துக்கு வேறு நேரம் கிடைக்காது. தண்ணீர், விறகு, சமையல் ஆகியவற்றை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். தகப்பன்மாரே, பின்னேரம் 2 மணி நேரம் பிள்ளையை நீங்கள் தூக்கி வைத்திருந்தால் தாய் ஒரு தூக்கம் தூங்கி எழும்புவாள். பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் ஆணும் செய்யலாம்.

அழுகையைத் தாங்க முடியாமல் கோபம் வந்தால் பிள்ளையை மல்லாக்கப் பத்திரமான இடத்தில் கிடத்தி விட்டு, வெளியே போய் முகம் கழுவி வாருங்கள். பிள்ளையைப் பிடித்து உலுக்கவே கூடாது. மூளையில் இரத்தம் கசிந்து விடும். தாய்க்கு 2 வாரத்துக்கு மேலாக ஓயாத அழுகை, பிள்ளை மேல் வெறுப்பு, பிள்ளை தூங்கினாலும் தனக்குத் தூக்கமில்லை என்று இருந்தால் அதுவும் ஒரு நோய். பேய் பிடித்ததல்ல. மருத்துவமாதுவிடம் சொன்னால் சிகிச்சை உண்டு.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

அதிகத் தூக்கமும் ஆபத்தாக இருக்கலாம். தோட்டப் பகுதிகளில் நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நாட்டின் மற்றப் பகுதிகளை விட அதிகம். அப்படிப்பட்ட பிள்ளை பசித்தாலும் அழாமல் தூங்கும். பிறந்த நிறை திரும்பி வரும் வரை இரவிலும் 3 மணி நேரத்துக்கு மேல் விடாமல் எழுப்பிப் பால் கொடுங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம்:

- எழுப்ப முடியாத தூக்கம், பால் இழுத்துக் குடிக்காமை
- காய்ச்சல், அல்லது நெஞ்சும் வயிறும் தொட்டால் குளிர்ந்திருத்தல்
- வேகமான மூச்சு, மூச்சு விடும் போது நெஞ்சு உள்ளே குழிதல், முனகல்
- வலிப்பு
- உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சளாதல்
- 5 நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 6 தடவைக்குக் குறைவாகச் சலம் போதல்

தாய்மார் கேட்ட கேள்விகள்

கேள்வி: பகலில் தூங்க விடாமல் வைத்திருந்தால் இரவில் நன்றாகத் தூங்குமா?
பதில்: இல்லை. களைத்துப் போன பிள்ளை இன்னும் அதிகமாக அழும். பகல் தூக்கத்தைத் தடுக்க வேண்டாம். வெளிச்சத்தில், சத்தத்தில் தூங்க விடுங்கள்.

கேள்வி: பால் பத்தாமல்தான் அழுகிறதா? இரவுக்கு மட்டும் பால்மா கொடுக்கலாமா?
பதில்: 6 தடவைக்கு மேல் சலம் போய், கிளினிக் கார்டில் நிறைக் கோடு மேலே ஏறினால் பால் போதும். இரவுப் பாலை நிறுத்தினால் தாய்க்குப் பால் சுரப்பே குறைந்து போகும்.

கேள்வி: அழுதவுடன் தூக்கினால் கெட்டுப் போகுமா?
பதில்: இந்த வயதில் கெட்டுப் போகாது. ஆனால் தூக்கத்தில் முனகுவதும் நெளிவதும் அழுகை அல்ல. சற்று நேரம் பொறுத்துப் பாருங்கள். பல நேரம் தானாகத் தூங்கி விடும்.

கூட்டத்தில் பேசுவதற்கு

1. உங்கள் காம்பராவில் பகலில் பிள்ளை கிடக்கும் இடத்தில் எழுத்து வாசிக்கும் அளவு வெளிச்சம் இருக்கிறதா?
2. இரவில் எந்த லைட் எத்தனை மணி வரை எரிகிறது?
3. பால் கொடுக்கும் நேரத்தை உங்கள் மலையில் எத்தனை பேர் எடுக்கிறார்கள்? எடுக்காதவர்கள் ஏன் எடுப்பதில்லை?
4. வீட்டிலுள்ள பழைய பாணி மருந்துப் போத்தல் எங்கே இருக்கிறது?

வாசிக்கத் தெரிந்தவர்கள், வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்கும் பிள்ளைக் காம்பராவில் உள்ளவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். முக்கியமாகத் தகப்பன்மாருக்கு. நாளைக் காலையில் எழும்பியதும் முதல் வேலையாக ஜன்னல் சாக்கை எடுத்து விடுங்கள். மற்றதை ஒவ்வொன்றாகச் செய்யலாம்.